எஞ்சின் மாற்றமா, எஞ்சின் ஒட்டா?

வணக்கம். மலிவுக் கார்களை வைத்து நடத்தும் நெடுநேரப் பந்தயக் கையேட்டில் ஒரு சொல் இடறுகிறது. பழுதான எஞ்சினைக் கழற்றி அதே ரகத்தில் இன்னொன்றைப் பூட்டுவது 'எஞ்சின் மாற்றம்'. அந்த உடலுக்கென்று பிறக்காத வேறொரு எஞ்சினைப் பொருத்துவதற்கும் இதே சொல்லை எழுதினால் வேலையின் அளவு படிப்பவருக்குப் பிடிபடாது. உறுப்பு மாற்றை நினைத்து 'பொறிமாற்று' எனலாமா?

•

'மாற்று' வந்தாலே பழைய குழப்பமும் கூடவே வரும், ஐயா. தோட்டக்காரர் சொல் ஒன்று இருக்கிறதே: ஒட்டு. வேர்ச்செடி ஒன்று, மேலே கட்டும் குச்சி வேறொன்று. பிடிக்குமா பிடிக்காதா என்பது கட்டிய இடத்தில் தெரியும். இங்கும் அப்படித்தான். எஞ்சின் எவ்வளவு நல்லதானாலும் சேருமிடம் காலை வாரும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வரும் இணைதகட்டைப் பாருங்கள். முள்ளால் விலகலை அளக்கும் டயல் கேஜை எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்முனையில் பூட்டி, கிளட்சை மூடும் பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் முள்ளை வைத்துக் கிராங்கை ஒரு சுற்று சுற்ற வேண்டும். முள் ஓடிய மொத்தத்தில் பாதிதான் மைய விலகல், அது 0.13 மி.மீ.க்குள் நிற்கட்டும். மிஞ்சினால் கிளட்ச் முழுதாக விடாது, கியர்பாக்ஸின் உள்தண்டு பேரிங் தின்னப்படும். இருபது நிமிடப் பந்தயத்தில் இது தப்பிவிடும். நெடுநேரப் பந்தயத்தின் எட்டாவது மணிநேரத்தில் ஊளையிடும்.

அடுத்தது ஆயில் சம்ப், அதாவது எஞ்சினடியில் ஆயில் தேங்கும் தொட்டி. முன் குறுக்குச்சட்டம் இடிக்கிறதென்று சம்பை வெட்டிச் சிறிதாக்குவார்கள். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும், கனெக்டிங் ராடு பேரிங் போய்விடும். குழாய் வாய்க்கும் சம்பின் தரைக்கும் 6 முதல் 10 மி.மீ. இடைவெளி, சுற்றிலும் தடுப்புத் தகடு. இரண்டும் இல்லாமல் ஓட்டக் கூடாது.

என் பரிந்துரை: எஞ்சின் ஒட்டு. வினையாக, 'எஞ்சினை ஒட்டுக்கட்டுதல்'.

•

'பொறியொட்டு' என்று போகாதது நல்லது. கொம்பில் ஒரு சுழி கூடினால் 'பொறியோட்டு' ஆகிவிடும்; பொறி என்றால் எலிப்பொறியும் நினைவுக்கு வரும்.

ஆனால் கையேட்டில் அந்தச் சொல்லுக்கான பதிவில், ஒட்டுக்கட்டத்தான் வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' பந்தயம் 500 டாலர் கார் என்ற வரம்போடு பெயர் பெற்றது. பிரேக், டயர், பாதுகாப்புக் கூண்டு அந்தக் கணக்கில் சேராது. இப்படிப்பட்ட பந்தயத்தில் வேகத்தைவிடச் சுற்றுகளின் எண்ணிக்கையே பேசும். இரண்டு நிமிடச் சுற்றில் பெரிய எஞ்சின் 2 நொடி மிச்சம் பிடித்தால் மணிக்கு ஒரு நிமிடம். டேங்க் அதே அளவுதான், பெட்ரோல் சீக்கிரம் தீரும். கூடுதலாக ஒருமுறை நிறுத்த ஐந்து நிமிடம் போனால், ஐந்து மணி நேரச் சம்பாத்தியம் கரைந்தது. சிலிண்டர் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையில் தேறிய சொந்த எஞ்சின் கொண்ட, எடை குறைந்த, உதிரிபாகம் எளிதில் கிடைக்கிற காரையே நான் எடுப்பேன்.

இன்னொன்று: எஞ்சினைச் சட்டத்தில் இருத்தும் மவுண்டுக்குத் 'தாங்கி' என்று எழுதாதீர்கள், பேரிங்குக்கு அது முன்பே போய்விட்டது. 'எஞ்சின் கால்' போதும்.

•

கணக்கை ஏற்கிறேன், பதிவில் சேர்க்கிறேன். எஞ்சினை எடுக்கும் காருக்கு 'கொடை வண்டி' என்று எழுதியிருந்தேன். ஒட்டு என்று ஆனபின் 'தாய்வண்டி' பொருந்துகிறது. குச்சி எடுப்பது தாய்மரத்தில்தானே.

தாய்வண்டியை முழுதாக வாங்கச் சொல்ல அந்தப் பதிவே இடம். எஞ்சினை மட்டும் தூக்கி வந்தால் ஒயரிங் கட்டு, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூ, அதோடு இணைந்த சாவி, மின்னணு ஆக்சிலரேட்டர் பெடல் என ஒவ்வொன்றுக்கும் தனியாக அலைய வேண்டும். சாவிச் சிப் இல்லாவிட்டால் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் எஞ்சினைக் கிளப்பவே விடாது. பெட்ரோல் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்: 4 பார் கேட்கும் எஞ்சினுக்குப் பழைய காரின் 3 பார் ஏற்பாட்டை விட்டால் முழு மிதியில் கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் உருகக்கூடும்.

'இணைதகடு' சரி. எஞ்சினைப் பெறும் காருக்கு 'வேர்வண்டி' என்பது மட்டும் எனக்கு இன்னும் நாவில் ஏறவில்லை. 'ஏற்கும் வண்டி' என்று வைத்திருக்கிறேன், நல்லதாக வந்தால் சொல்லுங்கள்.