கீலுக்கு அடியில் கிடைத்த பச்சை: எந்த வண்ண அட்டை வாங்குவது?

கல்தூண்:
காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைச் செப்பனிட்டு வருகிறோம். வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள ஜன்னல் கதவுகளில் சாம்பல், கிரீம், சாக்லேட் என்று ஆறேழு பூச்சு ஏறியிருக்கிறது. போன வாரம் ஒரு கீலைக் கழற்றினால், அடியில் கரும்பச்சை ஒன்று தெரிந்தது. அதையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே பிடிவாதம். பெயர்ந்து வந்த பூச்சுச் சில்லைக் கடைக்குக் கொண்டுபோய், ஷேட் கார்டோடு ஒப்பிட்டு ஒரு லிட்டர் வாங்கினேன். கடையின் டியூப் லைட்டில் அச்சு அசலாகப் பொருந்தியது. வளவு வெளிச்சத்தில் பூசிப் பார்த்தால் மயில் கழுத்து போல நீலம் அடிக்கிறது.

ஒழுங்கான வண்ண அட்டை ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். விசிறிபோல் விரியும் ஆர்.ஏ.எல். கே7 அட்டையா, மன்செல் புத்தகமா, என்.சி.எஸ். அட்டையா? மூன்றும் வாங்க வசதியில்லை.

பட்டறைக்காரன்:
கே7. யோசிக்கவே வேண்டாம். 1927இல் ஜெர்மனியில் 40 நிறங்களோடு தொடங்கிய பட்டியல், இன்று 200க்கு மேல். கடையின் கலவை இயந்திரத்தில் எண்ணைத் தட்டினால் டப்பா கைக்கு வந்துவிடும். உங்கள் பச்சை 6005ஆக இருக்கும், இல்லையென்றால் 6009.

ஏடுபுரட்டி:
“இருக்கும்” என்று சொல்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. பெயிண்ட் வாங்குபவரும் விற்பவரும் ஒரே நிறத்தைப் பற்றிப் பேசுவதற்காக ஏற்பட்ட பட்டியல் அது. ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் இடையே சீரான படி கிடையாது. உங்கள் நிறம் இடைவெளியில் விழுந்தால் என்ன செய்வீர்கள்?

மன்செலில் நிறம், வெளிர்மை, செறிவு மூன்றுக்கும் தனித்தனி அளவுகோல். 5ஜி 3/4 என்று குறித்தால், எந்தப் பச்சை, எவ்வளவு கருமை, எவ்வளவு அடர்த்தி எல்லாம் அதிலேயே வந்துவிடும். இரண்டு வில்லைகளுக்கு (மாதிரி நிறத் துண்டுகளுக்கு) நடுவில் நின்றால் 3.5 என்று எழுதிக்கொள்ளலாம். அகழாய்வுக் குழிகளில் மண்ணின் நிறத்தை இந்த முறையில்தான் பதிகிறார்கள். கம்பெனி தன் ஷேட் பெயரை ஆண்டுக்கொரு முறை மாற்றினாலும் இந்தக் குறிப்பு மாறாது.

பட்டறைக்காரன்:
ஐயா, ஒரு தேக்கு அலமாரிக்காக மன்செல் எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போனவன் நான். கல்லாவில் இருந்த பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பழைய பில் எண்ணா?” என்று கேட்டான். புத்தகத்தின் விலையில் நான்கு ஜன்னலுக்குப் பெயிண்ட் வாங்கிவிடலாம்.

மஞ்சள்காவி:
இருவருக்கும் நடுவில் என்.சி.எஸ். இருப்பதையே மறந்துவிட்டீர்கள். ஸ்வீடன்காரர்களுடையது, ஏறத்தாழ 2,000 நிறங்கள். எஸ் 6030-ஜி10ஒய் என்றால் கருமை 60, நிறச்செறிவு 30, பச்சையில் 10 பங்கு மஞ்சள். அட்டை கையில் இல்லாவிட்டாலும் நிறம் மனக்கண்ணில் வந்துவிடும்.

பட்டறைக்காரன்:
மனக்கண்ணில் வந்தால் போதுமா? கதவில் வர வேண்டாமா?

பெயிண்டர்மகன்:
மூவரும் அளவுகோலுக்காகச் சண்டை போடுகிறீர்கள். அளக்கப்போகும் பொருளை யாராவது பார்த்தீர்களா?

ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பழைய பெயிண்ட், வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளித்துப்போகும். கீலுக்கு அடியில் எத்தனையோ வருடம் இருட்டில் கிடந்த பச்சை அது. இன்றைக்கே அட்டையை வைத்து ஒப்பிட்டால், நீங்கள் பிடிப்பது அந்த மஞ்சளையும் சேர்த்துத்தான். கீலை மாட்டாமல், அந்தக் கதவை நல்ல வெளிச்சத்தில் சில வாரம் திறந்து போடுங்கள், மஞ்சள் பெருமளவு வெளுக்கும். அப்புறம் ஒப்பிடுங்கள்.

அடுத்து, உங்கள் ஒரு லிட்டர் ஏன் ஏமாற்றியது? அந்தக் காலத்துக் கரும்பச்சை பெரும்பாலும் பிரஷ்யன் நீலமும் குரோம் மஞ்சளும் சேர்ந்த கலவை. இன்று கடையில் ஊற்றும் தாலோ என்ற செயற்கை நீல, பச்சை நிறமிகள் 1930களில்தான் சந்தைக்கு வந்தன. நிறமி வேறாக இருந்தால், ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். வண்ண அட்டையும் இன்றைய நிறமியில் செய்ததுதான், எந்த நாட்டு அட்டையும் இதற்கு விலக்கல்ல. காலை நிழலில், உச்சி வெயிலில், இரவு பல்பில் என்று மூன்று வேளையும் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று: குரோம் மஞ்சள் என்பது ஈயச் சேர்மம். காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஏடுபுரட்டி:
ஈய விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் அட்டையே வேண்டாம் என்று இதிலிருந்து வராதே? வெளுத்த பிறகு கிடைக்கும் நிறத்தையும் எதிலாவது குறித்துத்தானே ஆக வேண்டும். உங்கள் அப்பாவின் கைப்பக்குவம் அவரோடு போய்விடும்.

பெயிண்டர்மகன்:
அப்பா கலக்கிய டப்பாவின் மூடியில் ஒரு தீற்றல் இழுத்துத் தேதி எழுதுவார். மூடிகள் இன்னும் பரணில் இருக்கின்றன.

மஞ்சள்காவி:
பளபளப்பை யாரும் பேசவில்லை. கே7 வில்லைகள் பளபளப்பானவை. பழைய கதவு மங்கிக் கிடக்கும், மங்கிய பரப்பு எப்போதும் வெளிறித்தான் தெரியும். ஒப்பிடும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கருமை ஏறி உண்மை நிறம் எழும்பும்.

கல்தூண்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சொன்னபடி கதவைத் திறந்தே போட்டோம். பச்சை நன்றாகவே வெளுத்தது. பழக்கமான கட்டடக் கலைஞர் ஒருவரிடம் கே7 விசிறி இரவல் கிடைத்தது. சாம்பல் நிற அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் கதவும் மற்றதில் வில்லையும் தெரியும்படி வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பார்த்தேன். 6005க்கும் 6002க்கும் நடுவில் நிற்கிறது. 6009 பக்கத்தில்கூட இல்லை.

ஏடுபுரட்டி:
இடைவெளியில் விழுந்துவிட்டதா?

பட்டறைக்காரன்:
விழட்டும். 6005 வாங்கிக் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால் முடிந்தது. எண் இல்லாமல் அந்த முதல் டப்பா எங்கிருந்து வந்திருக்கும்?

கல்தூண்:
அதைத்தான் செய்தோம். எங்கள் பெயிண்டர் மஞ்சள் காவியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒரு பலகையில் பூசி, காய்ந்தபின் வளவில் தொங்கவிட்டார். நான்காவது பலகை பொருந்தியது. பலகையின் பின்புறம் அளவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். கீல் இருந்த இடத்தை மட்டும் பூசாமல் அப்படியே விடச் சொல்லிவிட்டேன், பின்னால் வருபவர்கள் பார்க்கட்டும் என்று.

பெயிண்டர்மகன்:
நல்லது. அதன் மேல் கீலைத் திரும்ப மாட்டத்தானே போகிறீர்கள்? மறுபடி மஞ்சளாகும். அதையும் அந்தப் பலகையிலேயே எழுதி வையுங்கள்.