லேபில் நாம் கற்றுக்கொண்டது: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வேதியியல், திருநெல்வேலிப் பக்கம்:
மூன்று வருடம் முன்பு நடந்தது. முதலாண்டு சால்ட் அனாலிசிஸில், அதாவது கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சோதனையில், ஒரு பையன் பேரியத்தைக் கால்சியம் என்று எழுதி வந்தான், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சுடரில் பேரியம் ஆப்பிள் பச்சை, கால்சியம் செங்கல் சிவப்பு, இதைக்கூடவா பார்க்கத் தெரியாது, பக்கத்து டேபிளைப் பார்த்து எழுதுகிறாயா என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில்தான் மெதுவாகச் சொன்னான், "மேடம், எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

அதற்கு முந்தைய வாரம்தான் டால்டன் பாடம் எடுத்திருந்தேன். அணுக் கொள்கை சொன்ன அதே டால்டனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. 1794-லேயே தன் பார்வையைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். எடுத்து வைத்திருந்த அவர் கண்ணை 1995-ல் டிஎன்ஏ சோதனை செய்து காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்த நான்தான் கத்தினேன்.

துறையில் சொன்னேன், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று பேச ஆறு பேர் சனிக்கிழமை மதியம் உட்கார ஆரம்பித்தோம். முதல் வாரம் ஒரு சார் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடு என்று பவர்பாயிண்ட் போட்டார். எங்களுக்குத் தூக்கம் வந்ததுதான் மிச்சம், அந்த 21-ல் நிறக்குருடு கிடையாது, அதாவது என் பையனே அதில் இல்லை!

அடுத்த வாரம், பார்வையே இல்லாத பிள்ளை வந்தால் என்ன செய்யும் என்று, கண்ணைக் கட்டிக்கொண்டு டைட்ரேஷன் (அமிலத்தோடு காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பது) செய்து பார்த்தோம். நிறங்காட்டியான பினால்ப்தலீன் இளஞ்சிவப்பாக மாறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்தாம் வகுப்புப் பாடத்தில் வருகிற வெங்காயம் ஞாபகம் வந்தது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தோடு துணித்துண்டுகளைப் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால், துணியில் அமிலம் பட்டால் அந்த நெடி அப்படியே இருக்கும், காரம் பட்டால் போய்விடும். இருபது வருடமாகப் பாடம் எடுக்கிற ஆள் துணியை முகர்ந்து முகர்ந்து, "இருக்கு, இருக்கு, இப்ப இல்ல" என்று கத்தியதைப் பார்க்க வேண்டுமே. துல்லியம் சுமார்தான், ஆனால் அமிலம் எது காரம் எது என்று சொல்லிவிடலாம். அந்தப் பையனுக்கு வெங்காயம் தேவைப்படவில்லை. அசிட்டிக் அமிலத்தில் பொட்டாசியம் குரோமேட் விட்டால் பேரியம் வீழ்படிவாகும், கால்சியம் ஆகாது. நிறம் வேண்டாம், கலங்கினால் போதும். அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

இயற்பியல், சேலம்:
எங்கள் கதை வேறு. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிற ஒரு பெண் முதல் வரிசையில் இருந்தாள். நான் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஆள். சக ஆசிரியர் ஒருவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு என் வகுப்பில் உட்கார்ந்து, பாதி நேரம் உன் முதுகைத்தான் பார்த்தேன் என்றார். இப்போது முதலில் எழுதிவிட்டு, திரும்பி நின்று பேசுகிறேன்.

இன்னொன்று, தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள். 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்றதும் ஒருவன் ஏதோ நொடிக் கணக்கு என்றே ஒரு மாதம் நினைத்திருக்கிறான். 'நிலைமத் திருப்புத்திறன்' என்று போர்டில் எழுதினேன், "சார், இது பதினொண்ணாவதுல படிச்சேனே" என்றான்.

விலங்கியல், தஞ்சாவூர்:
வெங்காயத் துணியை எங்கே வைத்தீர்கள் மேடம்? எங்கள் லேப் ஃப்ரிட்ஜில் தவளை இருக்கிறது.

வேதியியல், திருநெல்வேலிப் பக்கம்:
வீட்டு ஃப்ரிட்ஜில்தான். பக்கத்தில் பால் பாக்கெட் இருந்தது, மறுநாள் காப்பியை யாரும் குடிக்கவில்லை.