மஜெண்டோ 1-ல இருந்து 2-க்கு மாற 80,000 பேருக்கு பாஸ்வேர்ட் ரீசெட் மெயிலா? யாருய்யா கெளப்பி விட்டது இதை?

விளக்குத்தூண்:
மஜெண்டோங்குற ஆன்லைன் கடை சாஃப்ட்வேரை மாத்துறதைப் பத்தி நேத்து தல்லாகுளம்_டெக் எழுதினதை அப்படியே கீழ போடுறேன், நாளைக்கு அழிச்சுட்டு "நான் சொல்லவே இல்ல"ன்னு வரக்கூடாதுல்ல.
"மஜெண்டோ 1-ல இருந்து 2-க்குப் போனா என்கிரிப்ஷன் கீ மாறிடும். கீ மாறினா கஸ்டமர் பாஸ்வேர்ட் எல்லாம் செத்துடும். கடை எவ்வளவு பெருசா இருந்தாலும் எல்லாருக்கும் ரீசெட் மெயில் அனுப்பித்தான் ஆகணும்."
இதை நம்பி திருமங்கலம்_ஸ்டோர் 80,000 பேருக்கு மெயில் அடிக்க ஆள் தேடிக்கிட்டிருக்காரு. தம்பி, கஸ்டமர் பாஸ்வேர்டை யாரும் என்கிரிப்ட் (கீ போட்டுப் பூட்டித் திறக்குறது) பண்றதில்ல, ஹாஷ் (திரும்ப எடுக்க முடியாதபடி அரைக்குறது) பண்றது. மஜெண்டோ 1-ல சால்ட்டுன்னு ஒரு குருட்டாம்போக்கு எழுத்துக் கோர்வையையும் பாஸ்வேர்டையும் சேர்த்து எம்டி5-ங்குற ஹாஷ் போட்டு, பின்னால கோலன் வச்சு சால்ட்டை ஒட்டியிருக்கும். 32 எழுத்து, ஒரு கோலன், சால்ட். இதுல கீ எங்கிட்டு இருக்கு? காட்டுங்க.

தல்லாகுளம்_டெக்:
அண்ணே விளக்கு ஏத்திட்டாரு, எல்லாரும் கும்பிட்டுக்கங்க. பழைய கடை டேட்டாவைப் புதுசுக்கு நகர்த்துற டேட்டா மைக்ரேஷன் டூலோட கான்ஃபிக் ஃபைல்ல கிரிப்ட் கீன்னு ஒரு வரி இருக்கே, அது எதுக்கு? அழகுக்கா?

விளக்குத்தூண்:
பேமென்ட் கேட்வேயோட ரகசிய எண், கூரியர் கம்பெனி ஏபிஐ பாஸ்வேர்ட் மாதிரி செட்டிங்ஸ் டேபிள்ல பூட்டி வச்சதைத் திறக்குறதுக்கு. பழைய கடையோட லோக்கல் எக்ஸ்எம்எல் ஃபைல்ல இருக்குற கீயை அந்த வரியில போடாட்டி கேட்வே வேலை செய்யாது. லாகின் வேலை செய்யும். கீ வேற, ஹாஷ் வேற. கீ வேற, ஹாஷ் வேற. இன்னொரு தடவை வேணுமா?

திருமங்கலம்_ஸ்டோர்:
அண்ணே சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. எங்களுது 40,000 எஸ்கேயு, அதாவது தனித்தனிப் பொருள், சுங்குடி, காட்டன், வேட்டி எல்லாம் சேர்த்து. தமிழ், இங்கிலீஷ்னு 2 ஸ்டோர் வியூ. வரிசையா எதை எதைச் செய்யணும்னு சொன்னாப் புண்ணியமாப் போகும்.

விளக்குத்தூண்:
முதல்ல காலியான மஜெண்டோ 2 போடுங்க. அதுல ஒரு பொருள்கூட, ஒரு டெஸ்ட் ஆர்டர்கூட கையால போடாதீங்க, ஐடி முட்டிக்கும். மைக்ரேஷன் டூலோட பதிப்பும் மஜெண்டோ 2-ஓட பதிப்பும் ஒண்ணா இருக்கணும், புள்ளிக்குப் பின்னால வர்ற எண் வரைக்கும். 2-ல கிரானை (நேரத்துக்குத் தானா ஓடுற வேலைகளை) நிறுத்தி வைங்க. அப்புறம் மைக்ரேட் செட்டிங்ஸ், அடுத்து மைக்ரேட் டேட்டா, கடைசியில மைக்ரேட் டெல்டா (அதுக்கு அப்புறம் வந்த மாற்றங்கள்). இந்த வரிசை மாறக் கூடாது.

டேட்டா ஓடும்போது நீங்க போட்டிருக்குற எக்ஸ்டென்ஷனோட டேபிள், அட்ரிபியூட் ஒவ்வொண்ணுக்கும் "மேப் ஆகல"ன்னு கத்தும். வேண்டாததை மேப் ஃபைல்ல இக்னோர்னு எழுதணும், வேணும்கிறதுக்கு எங்க போகணும்னு எழுதணும். ரெண்டு நாள் இதுக்கே போகும். எக்ஸ்டென்ஷன் கோடும் தீமும் வராது, அதெல்லாம் புதுசாத்தான். படங்களும் டூல்ல வராது, மீடியா ஃபோல்டரை ஆர்சிங்க்ங்குற காப்பி கமாண்ட்ல தனியா இழுக்கணும். கேஷ் ஃபோல்டரை விட்டுட்டு இழுங்க, இல்லாட்டி பழைய குப்பையும் சேர்ந்து வரும்.

டெல்டா பழைய டேட்டாபேஸ்ல தானா ஓடுற ட்ரிகர் வச்சு மாற்றங்களைப் பிடிக்கிறது. மாற்றங்களைப் பதியுற பைனரி லாக் ஓடுற மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல யூசருக்கு உரிமை பத்தாட்டி 1419-ன்னு எரர் வந்து நிக்கும். லாக் பின் ட்ரஸ்ட் ஃபங்ஷன் கிரியேட்டர்ஸ்ங்குற செட்டிங்கை 1-ன்னு வச்சா நகரும்.

முக்கியமானது இதுதான்: டெல்டா பிடிக்கிறது வாங்குறவங்க செய்யுற மாற்றத்தை. ஆர்டர், புது அக்கவுண்ட், ரிவியூ. கடைக்காரர் அட்மின்ல உட்கார்ந்து விலை மாத்தினா, புதுச் சேலை ஏத்தினா அது வராது. அதனால மைக்ரேட் டேட்டா முடிஞ்ச நிமிஷத்துல இருந்து பழைய அட்மின்ல கேட்டலாக் பக்கம் யாரும் போகக் கூடாது. கல்லாவுல இருக்குற தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

தல்லாகுளம்_டெக்:
இவ்வளவு நீளமா எழுதினீங்களே, பொருள் தேடுறதுக்கான எலாஸ்டிக்சர்ச் சாஃப்ட்வேர் எங்க? 2.4-க்கு அது வேண்டாம், மைஎஸ்கியூஎல் தேடலே போதும்னு இதே இடத்துல சாதிச்ச மகான்தான நீங்க?

விளக்குத்தூண்:
2.3-ஐப் பத்திச் சொன்னேன். 2.4 வந்தது 2020 ஜூலையில, அதுல மைஎஸ்கியூஎல் தேடலைத் தூக்கிட்டான். எலாஸ்டிக்சர்ச்சோ ஓப்பன்சர்ச்சோ இல்லாம இன்ஸ்டாலே ஆகாதுன்னு எனக்கும் தெரியும். பேச்சை மாத்தாதீங்க. ஹாஷ்ல கீ எங்க?

அரசரடி_அக்கவுண்ட்ஸ்:
உங்க கீயும் ஹாஷும் இருக்கட்டும். பில் நம்பர் என்னாகும்? ஜிஎஸ்டி விதி 46-ல இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்கு மிகக் கூடாது, தொடர்ச்சியா இருக்கணும், அந்த நிதியாண்டுக்குள்ள ரெண்டாந்தடவை வரக் கூடாது. புது சாஃப்ட்வேர் பாட்டுக்கு 000000001-ன்னு ஆரம்பிச்சா ரிட்டர்ன் போடும்போது நான்தான் உட்கார்ந்து அழணும்.

விளக்குத்தூண்:
மேடம், பழைய கடைசி எண்ணை டூலே 2-ஓட சீக்வன்ஸ் டேபிளுக்குக் கொண்டு வந்துடும். அதுக்குத்தான் டெஸ்ட் ஆர்டர் போடாதீங்கன்னு தலையால தண்ணி குடிச்சுச் சொல்றேன். போட்டு அழிச்சா எண் போனது போனதுதான், நடுவுல ஓட்டை விழும்.

அரசரடி_அக்கவுண்ட்ஸ்:
ஓட்டையே வேண்டாம். மார்ச் 31 ராத்திரி மாத்துங்க, ஏப்ரல் 1-ல புது சீரிஸ் எடுங்க. முன்னால ரெண்டு எழுத்தும் ஒரு சாய்கோடும் போட்டா சுத்தமா முடிஞ்சது.

தல்லாகுளம்_டெக்:
வருஷக் கணக்கு முடிக்கிற அன்னிக்கு சர்வரை மாத்துறதா? டெல்டா நின்னுபோச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து ஓட்டி, ஏப்ரல் நடுவுக்கு வந்துடும். அப்புறம் சித்திரைத் திருவிழா.

கோரிப்பாளையம்:
தேர் மாசி வீதியில ஓடுது, கடை சர்வர்ல ஓடுது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

தல்லாகுளம்_டெக்:
பார்சல் எடுக்க வர்ற வண்டி மாசி வீதிக்குள்ள வரணும்ல? அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்கு கோரிப்பாளையத்துல இருந்து ஒரு பார்சலை வெளிய எடுத்துக் காட்டுங்க பாப்போம்.

கோரிப்பாளையம்:
அது கூரியர் பிரச்சனை. மாத்துற ராத்திரிக்கு அதுவா தடை? ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் பக்கத்துல போகாம இருந்தாப் போதும்.
இருக்கட்டும், ஹாஷ் விஷயத்துல ரெண்டு பேருமே ஒண்ணை விட்டுட்டீங்க. மஜெண்டோ 1-ஓட கடைசிக் காலத்துப் பதிப்புகளுக்கு மாறின கடைகள்ல எல்லா ஹாஷும் எம்டி5-ஆ இருக்காது. டாலர் 2 ஒய்-னு ஆரம்பிக்கிற 60 எழுத்து பிகிரிப்ட்ங்குற வேற முறை ஹாஷும் கலந்து கிடக்கும். அதை மஜெண்டோ 2 நேரா ஒத்துப் பார்க்காது. அந்த ஆளுங்களுக்கு மட்டும் லாகின் ஆகாது.

தல்லாகுளம்_டெக்:
ஆஹா! கேட்டுச்சா விளக்குத்தூண்? லாகின் ஆகாது. நான் என்ன சொன்னேன்? லாகின் ஆகாதுன்னுதான சொன்னேன்?

விளக்குத்தூண்:
நீங்க சொன்னது "கீ மாறினா செத்துடும், எல்லாருக்கும்". இவர் சொல்றது "பிகிரிப்ட் இருந்தா ஆகாது, அவங்களுக்கு மட்டும்". இதுலயும் கீ இல்ல. பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்காதீங்க. அதுக்கும் வழி இருக்கு: ஹாஷ் சரிபார்க்குற இடத்துல ஒரு சின்ன பிளகின், அதாவது ஒட்டு கோடு. டாலர் 2-ன்னு ஆரம்பிச்சா பிஎச்பியோட பாஸ்வேர்ட் வெரிஃபையை ஓட்டிப் பாரு, சரியா இருந்தா புது முறையில ஹாஷ் பண்ணி எழுதிடு. இருபது முப்பது வரி கோடு. எம்டி5 ஆளுங்களுக்கு இந்த வேலைகூட இல்ல. மாத்தினதுக்கு அப்புறம் ஹாஷுக்குப் பின்னால சைபர்னு ஒரு பதிப்பு எண் நிக்கும், எம்டி5-ன்னு அதை வச்சே மஜெண்டோ 2 அதுவாப் புரிஞ்சுக்கும். அவங்க முதல் தடவை உள்ள வரும்போது புது முறைக்கு மாத்திக்கும்.

தல்லாகுளம்_டெக்:
பிளகின் எழுதி, டெஸ்ட் பண்ணி... அதுக்கு ஒரு மெயில் அனுப்புனா முடிஞ்சது.

விளக்குத்தூண்:
ஒரு மெயில் இல்ல, 80,000 மெயில். சொந்த சர்வர்ல இருந்து ஒரே நாள்ல அடிச்சுப் பாருங்க. 2024 பிப்ரவரியில இருந்து நாளைக்கு 5,000-க்கு மேல அனுப்புறவங்களுக்கு அனுப்புறது நிஜமா அவங்கதான்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணும் வேணும்னு ஜிமெயில் சொல்லிட்டான். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நாலு வருஷம் எட்டிப் பார்க்காத ஆளுக்கு "பாஸ்வேர்டை மாத்து"ன்னு மெயில் போனா மோசடின்னு நெனச்சு ஸ்பேம்னு அமுக்குவான். அப்புறம் ஆர்டர் மெயிலும் ஸ்பேம்ல விழும். இன்னொண்ணு, மஜெண்டோ 2-ல ரீசெட் லிங்க்கோட ஆயுள் 2 மணி நேரம், நீங்க செட்டிங்ல கூட்டாட்டி. ராத்திரி அனுப்பினதைக் காலையில டீ குடிச்சுக்கிட்டே திறக்குறவனுக்கு செத்த லிங்க். அவன் கஸ்டமர் கேருக்குப் போன் போடுவான். யாரு எடுக்குறது, நீங்களா?

தல்லாகுளம்_டெக்:
ஷாப்பிஃபைங்குற வேற கடை சாஃப்ட்வேருக்குப் போறவங்க எல்லாம் மெயில்தான் அனுப்புறாங்க. அவங்க கடை என்ன மூடியா கெடக்கு?

விளக்குத்தூண்:
வந்துட்டாருய்யா. ஷாப்பிஃபைல பழைய பாஸ்வேர்டை உள்ள இறக்கவே விடமாட்டான், அதனால அங்க மெயில் அனுப்பித்தான் ஆகணும். அங்க கேட்டதை இங்க வந்து கொட்டியிருக்கீங்க. தலைப்பே மஜெண்டோ 1-ல இருந்து 2.

திருமங்கலம்_ஸ்டோர்:
அண்ணே, கூகுள்ல இருக்குற பழைய லிங்க்?

கோரிப்பாளையம்:
டாட் ஹெச்டிஎம்எல் வால் பழைய கடையில இருந்துச்சுன்னா 2-லயும் அதையே வச்சுக்கங்க, அழகுக்காக வெட்டாதீங்க. வெட்டினா ஒவ்வொண்ணுக்கும் புது முகவரிக்குத் திருப்பிவிடுற 301 வேணும். ஒரே யூஆர்எல் கீ (முகவரியில வர்ற பொருள் பேர்) ரெண்டு சேலைக்கு இருந்தா டேட்டா நடுவுல நின்னுடும். டூப்ளிகேட்டைத் தானா தீர்க்குற ஆப்ஷன் கான்ஃபிக்ல உண்டு, ஆனா அது முகவரியில ஏதோ எழுத்தை ஒட்டி அசிங்கம் பண்ணும். முன்னாடியே கையால சரி பண்றது நல்லது.

விளக்குத்தூண்:
கேட்டகிரி பாதையோட பொருள் முகவரி உருவாக்குறதையும் அணைச்சு வைங்க. 40,000 பொருள், ஆளுக்கு 3 கேட்டகிரி முகவரியும் வெறும் முகவரி 1-ம், 2 வியூன்னா 3,20,000 வரி முகவரிகள் இருக்குற ரீரைட் டேபிள்ல. ஒரு கேட்டகிரியைச் சேமிச்சா அட்மின் டீ குடிக்கப் போயிடும். இன்னொண்ணு மறந்துடாதீங்க: டிஎன்எஸ் டிடிஎல்-ஐ (கடை முகவரி எந்த சர்வர்னு மத்தவங்க ஞாபகம் வச்சிருக்குற நேரத்தை) ரெண்டு நாள் முன்னாடியே 300 விநாடிக்கு இறக்கிடுங்க. காசு வந்ததைக் கேட்வே சொல்லி அனுப்புற வெப்ஹுக் முகவரி பழைய கடையிலேயே நின்னா யுபிஐ-ல காசு போயிடும், ஆர்டர் மட்டும் பெண்டிங்ல கெடக்கும்.

அரசரடி_அக்கவுண்ட்ஸ்:
மார்ச் 31 பத்தி யாரும் பதில் சொல்லல.

தல்லாகுளம்_டெக்:
சொல்லியாச்சு மேடம், வேண்டாம்.

அரசரடி_அக்கவுண்ட்ஸ்:
நீங்க சொன்னது தேர். நான் கேட்டது பில்.

தல்லாகுளம்_டெக்:
சரி, ஹாஷ்ல கீ இல்லைன்னே வச்சுக்குவோம்.

விளக்குத்தூண்:
"வச்சுக்குவோம்" எதுக்கு? இல்ல. திருமங்கலம், பழைய கடையோட கஸ்டமர் என்டிட்டி வார்சார் டேபிள்ல பாஸ்வேர்ட் ஹாஷ் அட்ரிபியூட்டை மட்டும் எடுத்து, டாலர் 2-ன்னு ஆரம்பிக்கிறது எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க. அந்த எண்ணிக்கைதான் உங்க பிரச்சனை, 80,000 இல்ல.

திருமங்கலம்_ஸ்டோர்:
11,240 வருதுண்ணே.

தல்லாகுளம்_டெக்:
பாத்தீங்களா? 11,240 பேருக்கு மெயில் அனுப்பித்தான் ஆகணும்.