மழைக்காலத்தில் பழுதாகும் எம்பி3 பிளேயர்

கோத்தகிரி வாசகர்: தேயிலைத் தோட்டத்திற்கு நடந்து செல்லும்போது கேட்பதற்காக வாங்கிய பிளேயர், இரண்டாம் மழைக்காலத்திலேயே ஒரு காதில் மட்டும் ஒலிக்கிறது, சார்ஜும் நிற்பதில்லை. அப்பாவின் குரல் அதில் இருப்பதால் எறிய மனமில்லை. சரிசெய்ய இயலுமா?

உதகை வாசகர்: வேறு இயர்போனிலும் அப்படியே இருந்தால், இயர்போனைச் செருகும் 3.5 மி.மீ. ஜாக்கின் பற்றவைப்பு (சால்டரிங்) விரிசல் கண்டிருக்கலாம். சட்டைப்பையில் ஒயர் இழுபட்டு இழுபட்டு அந்த இடம்தான் முதலில் விட்டுப்போகும். மீண்டும் பற்றவைத்தால் போதும்.

கொடைக்கானல் வாசகர்: முதலில் குரலைக் கணினியில் நகலெடுத்துவிடுங்கள். குளிர்ந்த கருவியை அடுப்படி வெப்பத்திற்குள் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் படிந்து இணைப்புகள் அரிக்கப்படும் என்பதால், அது அறைச்சூட்டுக்கு வந்து உலர்ந்த பின்னரே சார்ஜ் செய்யுங்கள். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள்.

கோத்தகிரி வாசகர்: பின்மூடி சற்று மேலெழும்பியிருக்கிறது. இன்றே கழற்றக் கொடுக்கிறேன்.