பழைய பவளத் தொட்டி: வாங்கலாமா, விடலாமா?

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். நன்னீர் மீன் வளர்த்துப் பழகிய கை. கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்க்க இப்போதுதான் ஆசை வந்திருக்கிறது. புதுச்சேரி லாசுப்பேட்டையில் ஒருவர் 200 லிட்டர் தொட்டி, ஸ்கிம்மர் (தண்ணீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), எல்இடி விளக்கு, இரண்டு அலை மோட்டார் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய்க்குத் தருகிறார்.

என்னை உறுத்துவது தொட்டிதான். முன்பு மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தபோது செம்பு மருந்து ஊற்றினாராம். செம்பு பாறையிலும் சிலிக்கோனிலும் தங்கி, பிறகு மெல்லக் கசிந்து இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்று படித்தேன். அவருடைய பாறையை எப்படியும் வாங்கப்போவதில்லை. தொட்டியை வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் போதுமா, அல்லது அதை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் விலை கேட்கட்டுமா?

ஸ்கிம்மர் மோட்டார் கரகரக்கிறது. உள்ளே சுழலும் காந்தத்தை மட்டும் மாற்றினால் சரியாகுமா? விளக்கு நான்கு வருடம் எரிந்தது. கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் பவளத்துக்கு வேண்டிய ஒளியின் கணக்கு வேறாயிற்றே!

ஹீட்டர் இலவசமாம். நம் மே மாத வெயிலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்த, அதைக் குளிர்விக்கும் சில்லர்தான் வேண்டும். பழைய சில்லர் வாங்கியவர்கள் எதையெல்லாம் சோதித்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன். அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.