கஞ்சியை ஊதினால் கை துவண்டது: உங்கள் வீட்டிலும் உண்டா?

கோத்தகிரி:
மகளுக்கு அப்போது ஏழு வயது. ராகிக் கஞ்சியைச் சுடச்சுட ஊதி ஊதித்தான் குடிப்பாள். ஒருநாள் காலை டம்ளர் நழுவியது. வலது கை துவண்டு தொங்கியது, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று திட்டினேன். இன்னும் உறுத்துகிறது. அழுதபோதும் அப்படியே ஆன பிறகுதான் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கினோம்.

ஆஞ்சியோகிராமில் மோயாமோயா என்றார்கள். கழுத்திலிருந்து ஏறும் பெரிய ரத்தக்குழாய் மூளைக்கு அடியில் சுருங்கிக்கொண்டே வர, அதை ஈடுகட்ட மெல்லிய குழாய்கள் கொத்தாக முளைத்திருந்தன. படத்தில் பார்த்தால் புகை மாதிரி. ஜப்பானிய மொழியில் பெயருக்கு அர்த்தமே அதுதானாம். 1969-இல் சுஸுகி, டகாகு என்ற மருத்துவர்கள் வைத்தது. வேகமாக ஊதினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளைக் குழாய்கள் இறுகும். கஞ்சிக்கும் கைக்கும் அதுதான் சம்பந்தம்.

ஆபரேஷனில், நெற்றிப்பொட்டுப் பக்கம், காதுக்கு முன்னால், தோலுக்கடியில் ஓடும் ரத்தக்குழாயை அறுக்காமல் அப்படியே மூளையின் மேல் படுக்கவைத்தார்கள். "உள்ளே இணைக்கவில்லையா?" என்றேன். "மூளையே இழுத்துக்கொள்ளும்மா" என்றார் டாக்டர். ஆக்சிஜனுக்குத் தவிக்கும் திசு விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்க, புதுக் குழாய்கள் கிளைக்குமாம். கிளைத்தன, ஆனால் பல மாதம் ஆனது.

குன்னூர்:
அப்பாவுக்கு ராத்திரி பக்கவாதம் வந்து வாய் கோணியது. விடியட்டும் என்று இருந்துவிட்டோம். மூளைக் குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அக்கா, அந்த வளர்ச்சிக் காரணியையே ஊசியாகப் போட்டால் என்ன? மலையில் ஆக்சிஜன் குறைவு, குழாய் தானாக வளரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஊட்டி, செவிலியர்:
பக்கத்து வீட்டுக்காரரை விடுங்கள் தம்பி. ஊட்டி உயரம் சுமார் 2,240 மீட்டர். அது வைத்தியம் என்றால் இங்கே யாருக்கும் பக்கவாதமே வரக்கூடாது. ஊசி விஷயம் வேறு. விஇஜிஎஃப்பை 1983-இல் கண்டபோது குழாயைக் கசியவைக்கும் பொருள் என்றுதான் அடையாளம் கண்டார்கள். எலிகளுக்குப் பக்கவாதம் வந்த ஒரு மணி நேரத்தில் கொடுத்தபோது குழாய்கள் ஒழுகின. 48 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது புதுக் குழாய்கள் வளர்ந்தன. மருந்து ஒன்றுதான், வேளைதான் வேறு. மனிதருக்கு அது வழக்கமான சிகிச்சையாகவில்லை. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையையும் பிசியோவையும் விடாதீர்கள். கோத்தகிரி அக்கா, பாப்பா எப்படி இருக்கிறாள்?

கோத்தகிரி:
நன்றாக இருக்கிறாள். கஞ்சியை ஆற்றித்தான் கொடுக்கிறேன். பள்ளியில் பலூன் ஊதும் போட்டிக்கு விடவில்லை, ஒரே அழுகை. டீச்சர் அவளையே நடுவராக்கிவிட்டார்.