அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிடலாமா?

திருவையாற்றுப் பெண்:
அப்பாவுக்கு 74 வயது. ஊரில் தனியாக இருக்கிறார், நான் பெங்களூரில். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், பால்காரர் வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். விழுந்தால் தானே போன் போடும் வாட்ச் இருக்கிறதாமே, வாங்கலாமா? ஊசி குத்தாமல் சர்க்கரையும் காட்டும் என்று 2,000 ரூபாய்க்கு ஒரு விளம்பரம் வருகிறது.

மாம்பலம் மாமி மகன்:
சர்க்கரை விளம்பரத்தை மறந்துவிடுங்கள். தோலைக் குத்தாமல் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. அதை நம்பி இன்சுலின் போட்டால் விபரீதம்.

விழுவதைக் கண்டுபிடிப்பது நிஜமாகவே இருக்கிறது. ஆப்பிள் வாட்சில் 2018 முதல் உண்டு. பலமாக விழுந்தால் மணிக்கட்டைத் தட்டிக் கேட்கும். ஒரு நிமிஷம் போல அசைவே இல்லையென்றால் அவசர எண்ணை அழைக்கும். ஆனால் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம்.

என் அம்மா இரண்டு வருஷமாகக் கட்டுகிறார். ஒருநாள் இஞ்சி இடிக்கும்போது, விழுந்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறது. "விழலைப்பா, இஞ்சி தட்டுறேன்" என்று வாட்சிடமே சொல்லிவிட்டு இடிப்பைத் தொடர்ந்தாராம்! அது பரவாயில்லை. தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று குளிக்கப்போகும்போது கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். வழுக்குகிற இடமே அதுதானே? சண்டை போட்டுத்தான் மாற்றினேன். அப்புறம் சார்ஜ். அம்மாவுடைய வாட்சுக்குக் கம்பெனிக் கணக்கே 18 மணி நேரம்தான். ராத்திரி போட்டால், இரண்டு மணிக்குப் பாத்ரூம் போகும்போது கை வெறுங்கை. அதனால் சாயங்காலம் சீரியல் பார்க்க உட்காரும்போது போடச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவிடம் என்ன போன்?

இ.சி.ஜி. டெக்னீஷியன்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ச் எடுக்கும் இ.சி.ஜி. ஒரே லீட்தான், அதாவது இதயத்தை ஒரே கோணத்தில் பார்க்கும்; ஆஸ்பத்திரியில் எடுப்பது 12. துடிப்பு தாளம் தப்புவதை அது காட்டும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. "வாட்ச் நார்மல்னு சொல்லுதே" என்று நெஞ்சுவலியோடு வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

திருவையாற்றுப் பெண்:
பட்டன் போன்தான். அதையும் டிவி மேல் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார்.

மாம்பலம் மாமி மகன்:
அப்படியானால் இப்போதைக்கு வாட்ச் வேண்டாம். ஆப்பிள் வாட்சுக்கு வீட்டில் யாரிடமாவது ஐபோன் இருந்தாக வேண்டும். மலிவான பேண்டுகளும் பெரும்பாலும் பக்கத்தில் ஸ்மார்ட்போன் இருந்தால்தான் வெளியே சேதி சொல்லும். முதலில் குளியலறைச் சுவரில் ஸ்டீல் கைப்பிடி அடியுங்கள், வழுக்காத டைல்ஸ் போடுங்கள். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி மாற்றிவிடுங்கள்.

திருவையாற்றுப் பெண்:
சரி, கொத்தனாரிடம் சொல்லியாச்சு. பால்காரரிடமும் ஒரு சாவி கொடுத்துவைக்கிறேன்.